வீட்டுப் பட்டறையில் பிறந்த மோட்டார் சைக்கிள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மோட்டார் சைக்கிள்களைத் தோண்டித் துருவுவது எனக்குப் பல வருடப் பைத்தியம். அதைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அதே பத்துப் பதினைந்து கேள்விகள்தான் திரும்பி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். 1860களிலிருந்து முதல் உலகப் போர் வரைக்கும் உள்ள காலம்தான் பெரும்பாலும் இங்கே பேச்சு.

சார், உலகத்துலேயே முதல் பைக்கைச் செஞ்சது யாரு? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரு வரியில் முடியாது. எதைப் பைக் என்று ஒத்துக்கொள்வீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். நீராவியில் ஓடினாலும் சரி என்றால் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய ராக்ஸ்பரியில் இருந்த சில்வெஸ்டர் ரோப்பர். இன்னொருவர் பிரான்சின் லூயி கியோம் பெரோ. இருவருமே 1860களின் கடைசியில், ஒருவரை ஒருவர் அறியாமல், மிதிவண்டிச் சட்டத்தில் கொதிகலனை ஏற்றினார்கள்.

பெட்ரோலில் ஓடியிருக்க வேண்டும் என்றால் 1885. ஜெர்மனியின் கான்ஸ்டாட்டில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் செய்த ரைட்வாகன். 264 சிசி, அரைக் குதிரைத்திறன், மரச்சட்டம். காசு கொடுத்து வாங்கக் கிடைத்திருக்க வேண்டும் என்றால் 1894-ல் மியூனிக்கிலிருந்து வந்த ஹில்டெப்ராண்ட் வுல்ஃப்முல்லர். 'மோட்டார்ராட்' என்ற ஜெர்மன் பெயரே அந்த வண்டியோடு வந்ததுதான்.

எனக்கு இந்த 'முதல்' போட்டியில் அவ்வளவு ஆர்வம் இல்லை. ஒரு கொல்லன் அல்லது சைக்கிள் கடைக்காரர் தன் ஊரில் எதை வைத்து எப்படிச் செய்தார் என்பதில்தான் சுவை இருக்கிறது.

ரைட்வாகன்ல பக்கத்துல ரெண்டு குட்டிச் சக்கரம் இருக்கே, அது எப்படி பைக் ஆகும்? அப்போ மூணு சக்கர வண்டியையும் சேர்த்துக்குவீங்களா?

சேர்த்துக்கொள்வேன். அந்தக் காலத்தில் செய்தவர்களே இரண்டா மூன்றா என்று பார்க்கவில்லை. ஓடுகிறதா, விழாமல் நிற்கிறதா என்றுதான் பார்த்தார்கள். மூன்று சக்கரத்தை ஒதுக்கினால் நல்ல ஆட்கள் பலர் விட்டுப்போவார்கள்.

உதாரணத்துக்கு எட்வர்ட் பட்லர். லண்டன் ஸ்டான்லி சைக்கிள் கண்காட்சியில் 1884-லேயே தன் மூன்று சக்கர வண்டியின் வரைபடங்களை வைத்தார். டைம்லருக்கு ஒரு வருடம் முந்தி. 1888-ல் கிரீனிச்சில் வண்டி தயாரானது. ஸ்ப்ரே கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்), மின்பொறி, மணிக்குச் சுமார் 12 மைல் வேகம். ஆனால் அப்போது இங்கிலாந்தில் இருந்த 1865-ம் வருடச் சட்டப்படி, எந்திர வண்டி ஊருக்குள் 2 மைல், வெளியே 4 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. முன்னால் ஓர் ஆள் நடந்து போகவும் வேண்டும். மனிதர் வெறுத்துப்போய் வேலையை நிறுத்திவிட்டார். 1896-ல் வண்டியை உடைத்துப் பித்தளை விலைக்குப் போட்டாயிற்று. அதே வருடம் நவம்பரில் சட்டம் தளர்ந்து வேக வரம்பு 14 மைலாக உயர்ந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

இன்ஜினை வெளியில வாங்கி சைக்கிள்ல மாட்டினா அது 'வீட்டுல செஞ்சது' ஆகுமா?

என் கணக்கில் ஆகும். 1900-க்குப் பிறகு பெல்ஜியத்தின் மினெர்வா, பிரான்சின் தெ தியோன் போன்றவர்களின் இன்ஜின்கள் பல நாடுகளுக்கும் போயின. டிரையம்ஃப் 1902-ல் விட்ட முதல் மோட்டார் சைக்கிளிலேயே மினெர்வா இன்ஜின்தான் இருந்தது. கம்பெனியே அப்படிச் செய்தபோது கொட்டகையில் செய்தவரை மட்டும் ஏன் விலக்க வேண்டும்?

ஹார்லி டேவிட்சன் ஜனவரி 1905-ல் ஒரு வணிகப் பத்திரிகையில் கொடுத்த சின்ன விளம்பரத்தைப் பாருங்கள். வீட்டிலேயே வண்டி செய்துகொள்பவர்களுக்காக வெறும் இன்ஜினை விற்கிறோம் என்று போட்டிருந்தார்கள். அந்த வாடிக்கையாளர்கள் யார், எந்த ஊர், என்ன வண்டி செய்தார்கள்? தேட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஆனால் எழுதும்போது பிரித்து எழுதுங்கள்: இன்ஜின் யாருடையது, சட்டம் யாருடையது, கார்பரேட்டர் யாருடையது. 'முழுக்க முழுக்க அவரே செய்தார்' என்ற வரியைக் கண்டால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன்.

ஒரு சைக்கிள் கடைக்காரருக்கு சிலிண்டர் வார்க்குற வசதி எல்லாம் எங்கே இருந்திருக்கும்?

அவர் வார்க்கவே வேண்டாம். கடைசல் பிடிக்காத வார்ப்புகளாகவே, சிலிண்டர், இன்ஜின் கூடு எல்லாம் சேர்த்து ஒரு செட்டாக விற்றார்கள். வாங்கி, லேத்தில் கடைந்து, துளை போட்டுக்கொள்ள வேண்டியது. நியூயார்க் மாநிலத்தின் ஹாமண்ட்ஸ்போர்ட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த கிளென் கர்டிஸ் அப்படித்தான் ஆரம்பித்தார். பஃபலோவின் ஈ.ஆர். தாமஸ் கம்பெனி வார்ப்புகளை வாங்கினார். கார்பரேட்டருக்குத் தக்காளி டின்னை எடுத்துக்கொண்டார். அதே ஆள் ஜனவரி 1907-ல் எட்டு சிலிண்டர் வண்டியில் ஃப்ளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரையில் மணிக்கு 136 மைல் ஓட்டிக் காட்டினார். பிறகு விமானத்துக்குப் போய்விட்டார்.

ஹார்லி டேவிட்சன் ஒரு சின்ன மரக் கொட்டகையில பொறந்ததுன்னு சொல்றாங்களே, அது உண்மைதானே?

கொட்டகை உண்மை. டேவிட்சன் வீட்டின் பின்புறம், பத்தடிக்குப் பதினைந்தடி. ஆனால் முதல் வேலைகள் எல்லாம் அதற்குள் நடக்கவில்லை. வில்லியம் ஹார்லி சைக்கிளில் மாட்டக்கூடிய 116 சிசி இன்ஜினை 1901-ல் வரைந்தார். அதைச் செய்து பார்த்தது மில்வாக்கியில் ஹென்றி மெல்க் என்ற நண்பரின் பட்டறையில். மிதிக்காமல் மேடு ஏறவில்லை. அடுத்த பெரிய இன்ஜினுக்கான பாகங்களில் சில, ஹார்லியின் கூட்டாளி ஆர்தர் டேவிட்சனின் அண்ணன் மேற்பார்வையாளராக இருந்த ரயில்வே பட்டறையில் கடைந்தவை என்று சொல்கிறார்கள். பிற்பாடு படகு மோட்டாரில் பெயர் வாங்கிய ஓலே எவின்ரூடும் உதவியிருக்கிறார்.

பாருங்கள், கொட்டகை எல்லோருக்கும் தெரிகிறது, மெல்க் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. அந்தக் கொட்டகையும் இப்போது இல்லை. தொழிற்சாலை வளாகத்தில் பத்திரமாக வைத்திருந்ததை 1970களின் தொடக்கத்தில் ஒப்பந்தக்காரர்கள் தெரியாமல் இடித்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவங்களை ஏன் எல்லாரும் மறந்தாங்க?

ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். பட்லருக்குச் சட்டம். மெல்க்குக்கு, அவர் பெயர் வண்டியின் பெட்ரோல் தொட்டியில் எழுதப்படவில்லை. ஹில்டெப்ராண்ட் வுல்ஃப்முல்லர் வண்டிக்கும் அதே கதைதான். அந்த 1,489 சிசி இன்ஜினை உருவாக்கியதில் ஹான்ஸ் கைசன்ஹோஃப் என்ற மெக்கானிக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ரயில் எஞ்சின் மாதிரி தண்டுகள் நேராகப் பின்சக்கரத்தைச் சுழற்றும், சக்கரமே ஃப்ளைவீல் (சுழற்சியைச் சீராக வைக்கும் கனச் சக்கரம்). இவ்வளவு செய்தும் கம்பெனிப் பெயரில் அவர் இல்லை.

இன்னொரு வகை, பேராசிரியர் வகை. இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தின் என்ரிக்கோ பெர்னார்டி 1882-ல் ஒரு சின்ன இன்ஜினுக்குக் காப்புரிமை வாங்கித் தன் மகள் பியாவின் பெயரை வைத்தார். அதைத் தையல் மெஷினில்கூட மாட்டிப் பார்த்தார். 1890களின் தொடக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தில் இன்ஜினை வைத்து, சைக்கிளின் பின்னால் கோத்து, அதைத் தள்ள வைத்தார். விற்பனையில் கெட்டிக்காரர் இல்லை. இத்தாலிக்கு வெளியே அவரைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

எனக்கும் ஆசையா இருக்கு. எங்கேயிருந்து தேட ஆரம்பிக்கணும்?

ஓர் ஊரைப் பிடியுங்கள். 'உலக மோட்டார் சைக்கிள் வரலாறு' என்று கிளம்பினால் ஒரு மாதத்தில் களைத்துவிடுவீர்கள். ஊரும் பத்து வருடமும் தெரிந்தால் போதும்.

அப்புறம் பழைய செய்தித்தாள்கள். ஆஸ்திரேலியாவுக்கு ட்ரோவ், நியூசிலாந்துக்குப் பேப்பர்ஸ் பாஸ்ட், அமெரிக்காவுக்குக் க்ரானிக்ளிங் அமெரிக்கா, பிரான்சுக்குக் காலிகா. எல்லாம் இலவச இணையத் தளங்கள். 'மோட்டார் சைக்கிள்' என்று மட்டும் தேடாதீர்கள். அந்தச் சொல் நிலைப்பதற்கு முன்னால் நீராவி வெலாசிபீட், மோட்டார் பைசிக்கிள், பெட்ரோல் சைக்கிள், ஆட்டோ சைக்கிள் என்றெல்லாம் எழுதினார்கள். காப்புரிமைகளுக்கு எஸ்பாஸ்நெட் தளம். இங்கிலாந்து என்றால் இன்னொரு புதையலும் இருக்கிறது. 1904 ஜனவரி முதல் வண்டிகளைப் பதிவு செய்வது கட்டாயம். உள்ளூர் நிர்வாகங்கள் எழுதிய அந்தப் பதிவேடுகள் பல மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இன்றும் உள்ளன. தயாரிப்பாளர் என்ற கட்டத்தில் கம்பெனிப் பெயருக்குப் பதில் சொந்தக்காரர் பெயரே இருந்தால், சரி, ஒருவரைப் பிடித்துவிட்டீர்கள்.

காப்புரிமை இருந்தா அந்த வண்டி ஓடுச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லவே இல்லை. அந்தத் தேதியில் அந்த யோசனை ஒருவரிடம் இருந்தது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அமெரிக்காவின் எட்வர்ட் பென்னிங்டன் இதற்கு நல்ல பாடம். 1890களின் நடுவில் அவர் விளம்பரப் படத்தில் வண்டி ஆற்றைத் தாண்டிப் பறக்கும். பேச்சு சாமர்த்தியத்தில் லண்டன் தொழிலதிபர் ஹாரி லாசனிடம் தன் காப்புரிமைகளை 1,00,000 பவுண்டுக்கு விற்றார். வண்டிகளோ பேருக்குத்தான் ஓடின.

அதனால் காப்புரிமையோடு இரண்டாவதாக ஒன்று தேவை: தெருவில் பார்த்த செய்தி, பந்தய முடிவு, விபத்து, அபராதம். நான் அபராதத்தை அதிகம் நம்புவேன். ஓடாத வண்டிக்கு வேகமாகப் போனதாக வழக்குப் போட மாட்டார்கள்.

அப்போ பழைய பேப்பர்ல வந்துட்டா நம்பலாமா?

நடந்த அடுத்த நாள் வந்ததை ஓரளவு நம்பலாம். ஐம்பது வருடம் கழித்து 'நமது ஊர் முன்னோடி' என்று வந்ததைத் துப்பறிந்துதான் எடுக்க வேண்டும். ரோப்பர் 1896 ஜூன் 1-ம் தேதி பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் சைக்கிள் பந்தயப் பாதையில் தன் நீராவி வண்டியை ஓட்டிக் காட்டும்போது விழுந்து இறந்தார். வயது 72. இதயம் நின்றது. இது அப்போதே செய்தியானதால் சந்தேகம் இல்லை.

அவருடைய பழைய வண்டியின் கதை வேறு. டபிள்யூ.டபிள்யூ. ஆஸ்டின் என்பவர் அதைத் திருவிழா திருவிழாவாகக் கொண்டுபோய்க் காட்டினார். விளைவு, பிற்காலப் பட்டியல்கள் சிலவற்றில் செய்தவர் பெயராகவே ஆஸ்டின் ஏறிவிட்டார். ஓட்டியவர், காட்டியவர், சொந்தக்காரர், செய்தவர் நால்வரும் நான்கு பேராக இருக்கலாம். செய்திகளில் இவர்களைக் குழப்புவது ரொம்ப சாதாரணம்.

இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சா போதுமா?

ஆரம்பிக்கப் போதும். ஆனால் அதோடு நின்றால் உங்கள் வரலாறு இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் மட்டுமே சுற்றும். ஜப்பானில் ஒசாகாவைச் சேர்ந்த ஷிமாசு நராசோ 1909-ல் என்.எஸ். என்ற வண்டியைச் சொந்தமாகச் செய்தார். ஹோண்டா, யமஹா என்று பேசும் நம்மில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? அவர் பெயரைக் குடும்பப் பெயர் முன்னாலும் பின்னாலும் மாற்றி மாற்றி எழுதுவதால் தேடலில் பாதி நழுவிவிடும்.

ஜெர்மன் தாள்களில் வேறு தொல்லை. அந்தப் பழைய முறுக்கு எழுத்தில் 'எஸ்' பார்ப்பதற்கு 'எஃப்' மாதிரி இருக்கும். கணினியும் அப்படியே படித்து வைத்திருக்கும். மேலே சொன்ன கைசன்ஹோஃப் பெயரை நான் இரண்டு வாரம் சரியான எழுத்தில் தேடி ஒன்றும் கிடைக்காமல், தப்பாக எழுதித் தேடிய பிறகுதான் பிடித்தேன்.

மியூசியத்துல கண்ணாடிக்குள்ள வெச்சிருக்காங்கன்னா அது ஒரிஜினல்தானே?

பலகையைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். அசல் ரைட்வாகன் 1903 ஜூனில் கான்ஸ்டாட் தொழிற்சாலைத் தீயில் போய்விட்டது. இன்று எங்கே பார்த்தாலும் அது நகல்தான். நகல் என்பது திட்டு இல்லை. யாரோ உட்கார்ந்து ஆராய்ச்சி செய்து கட்டியது.

நமக்கு நெருக்கமான உதாரணம் ராயல் என்ஃபீல்டு. 1955 முதல் சென்னையில் வேர்விட்ட கம்பெனி என்றாலும் அதன் முதல் மோட்டார் சைக்கிள் 1901-ல் இங்கிலாந்தில் செய்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை, வரைபடமும் இல்லை. 120-வது ஆண்டையொட்டி அதை மறுபடி கட்ட இறங்கியவர்களிடம் இருந்தவை அந்தக் காலப் புகைப்படங்கள் சில, விளம்பரங்கள், 1901-ன் பத்திரிகைக் கட்டுரைகள், அவ்வளவுதான். இன்ஜின் முன்சக்கரத்துக்கு மேல், ஹேண்டில்பாரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து நீளத் தோல் பெல்ட் குறுக்காக முறுக்கிக்கொண்டு பின்சக்கரத்துக்குப் போகிறது. எண்ணெய் முன்சக்கரத்தில் சொட்டக்கூடாது என்று இன்ஜின் கூட்டைக் கிடைமட்டமாகப் பிளந்திருந்தார்கள். படத்தில் பார்த்தால் விநோதமாகத் தெரிகிற இந்த விஷயத்துக்குக் காரணம், கட்டிப் பார்த்தால்தான் உறைக்கும்.

கொட்டகையில ஒரு வண்டி கிடைச்சிருக்கு, 1895-ன்னு சொல்றாங்க. எப்படிச் சரி பார்க்கறது?

அதில் என்ன இருக்கிறது என்பதைவிட, அந்த வருடத்தில் இருந்திருக்கவே முடியாதது எது என்று பாருங்கள். காற்றடைத்த டயரை டன்லப் கொண்டுவந்தது 1888-ல். பாஷ் கம்பெனியின் உயர் அழுத்த மேக்னெட்டோ (பெட்ரோலைப் பற்றவைக்க மின்பொறி தரும் கருவி) 1902-க்குப் பிறகு. அதற்கு முன்னால் சூடான குழாய், அல்லது பேட்டரியும் அதிரும் காயிலும். வால்வையும் பாருங்கள். ஆரம்ப இன்ஜின்களில் உள்வால்வு காற்றின் உறிஞ்சலில் தானாகத் திறக்கும். கேம் என்ற சுழலும் மேடு தள்ளித் திறப்பது பரவலானது பிற்பாடுதான்.

மரை இழையையும் அளந்து பாருங்கள், யாரும் செய்வதில்லை. பிரிட்டிஷ் சைக்கிள் இழை, விட்வொர்த் இழை (இவை இரண்டும் அங்குலக் கணக்கு), மெட்ரிக் இழை மூன்றும் வேறு வேறு. பிரெஞ்சு வண்டி என்று சொல்லப்படுவதில் எல்லா மரையும் அங்குலக் கணக்கில் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் செய்த வண்டியை அதன் முதலாளி வருடா வருடம் மாற்றிக்கொண்டே இருப்பார். 1910 மேக்னெட்டோ இருப்பதாலேயே வண்டியின் சட்டமும் 1910-ல் செய்தது ஆகாது. அதே சமயம் பழைய சைக்கிள் சட்டத்தில் ஏதோ ஒரு தண்ணீர் பம்பு இன்ஜினை ஏற்றி விற்கிற ஆட்களும் உண்டு. பெல்ட் ஓடிய தடம், சூட்டில் நிறம் மாறிய இடம், பிரேக் தேய்த்த கோடு இவை ஒன்றோடு ஒன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஓடிய வண்டியின் தேய்மானத்தைப் போலியாகச் செய்வது கஷ்டம்.

ரெண்டு புத்தகம் ரெண்டு விதமா சொன்னா எதை எடுத்துக்கறது?

1885 நவம்பரில் ரைட்வாகனைக் கான்ஸ்டாட்டிலிருந்து உண்டர்டுர்க்ஹைம் வரைக்கும் ஓட்டியது டைம்லரின் மகன். எந்த மகன்? சிலர் பவுல் என்கிறார்கள், சிலர் அடோல்ஃப் என்கிறார்கள். தேதியும் மாறுகிறது. இந்த மாதிரி இடத்தில் எத்தனை புத்தகம் எந்தப் பக்கம் என்று எண்ணாதீர்கள். பத்தும் ஒன்றைப் பார்த்து எழுதியவையாக இருக்கும். ஒவ்வொன்றும் எதைப் பார்த்து எழுதியது என்று பின்னால் நடந்து போங்கள். கடைசியில் 1885 தாள் எதுவும் அகப்படாவிட்டால் 'மகன்களில் ஒருவர்' என்று எழுதி நகருங்கள். அசிங்கம் ஒன்றும் இல்லை.

நம்ம ஊர்ல யாரும் செய்யலையா?

இந்தக் கேள்விக்குக் கோவை ஜி.டி. நாயுடுவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கிராமத்துக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதையே வாங்கி, அக்கு அக்காகக் கழற்றி மாட்டினார் என்பது கதை. அவர் பைக் செய்தார் என்று இதில் இல்லை, படித்தார் என்றுதான் இருக்கிறது. அதுவே பெரிய விஷயம். இதையும் மேலே சொன்ன முறையில் சோதிக்கலாம். ரட்ஜ் மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு வந்தது 1911-ல், நாயுடு பிறந்தது 1893-ல். வண்டியைப் பார்த்தபோது பதினைந்து வயது என்று யாராவது எழுதினால் கணக்கு இடிக்கும்.

பெயர் தெரியாத மற்றவர்களைத் தேட, 1911-ம் வருடக் காப்புரிமைச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் கல்கத்தாவில் பதிவான இந்தியக் காப்புரிமைகளையும், எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் பார்க்கலாம். ரயில்வே பட்டறைகளில் வேலை செய்த குடும்பங்களிடம் கேளுங்கள். மில்வாக்கியிலேயே ரயில்வே பட்டறைதான் கைகொடுத்தது என்று பார்த்தோமே.

எங்க தாத்தா ஒண்ணு செஞ்சாராம். ஒரே ஒரு போட்டோதான் இருக்கு. அதை வெச்சு என்ன பண்ண முடியும்?

நிறைய. முதலில் 'செய்தாராம்' என்று சொன்னவரிடம் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேளுங்கள். வருடத்தைக் கேட்காதீர்கள், தப்பாகத்தான் வரும். அப்போது எந்த வீட்டில் இருந்தார்கள், எந்தக் குழந்தை பிறந்திருந்தது, பெட்ரோலை எங்கே வாங்கினார்கள் என்று கேளுங்கள். வருடம் தானாக விழும்.

படத்தில் தாத்தாவை விட்டுவிட்டு இன்ஜினைப் பாருங்கள். சிலிண்டர் சாய்ந்திருக்கிறதா நிற்கிறதா, மிதி இருக்கிறதா, பெல்ட்டா சங்கிலியா, தொட்டி எந்த வடிவம். சக்கரத்தின் விட்டம் தெரிந்தால் அதை அளவுகோலாக வைத்து மற்றதை எல்லாம் கணக்குப் போடலாம். பின்னணியில் கடைப் பலகை இருந்தால் இன்னும் நல்லது. அந்த ஊரின் பழைய வணிக விவரப் புத்தகத்தில் அந்தக் கடை எந்த வருடம் வரைக்கும் இருந்தது என்று பார்த்துவிடலாம்.

அப்புறம் ஒன்று. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் கிறுக்கல் எல்லாம் அங்கேதான் இருக்கும். முன்பக்கத்தை மட்டும் அனுப்பி 'இது எந்த வருடம்' என்று கேட்பவர்கள்தான் அதிகம்.